ஜோஹன்னஸ்பர்க் குளிருக்கு எந்த ஜன்னல் திரை வாங்கலாம்?

கோவைத்தம்பி (மிட்ராண்ட்):

வணக்கம். எனக்கு இங்கே இது இரண்டாவது குளிர்காலம். போன வருடம் தனியாள், கம்பளிக்குள் சுருண்டு ஓட்டிவிட்டேன். இந்த வருடம் மனைவி, ஏழு மாதக் குழந்தை, ஊரிலிருந்து அம்மா. வெளியே பகல் 11 மணிக்கு அரைக்கைச் சட்டை போதும். வீட்டுக்குள் வந்தால் ஸ்வெட்டர் வேண்டும். இது என்ன கூத்து என்று அம்மா கேட்கிறார். தேங்காய் எண்ணெய் நாள் முழுக்கக் கல்லாக இருக்கிறது. இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. ஜூன் மாதம் கோயம்புத்தூரில் இருக்க வேண்டியவளை இங்கே கொண்டுவந்து வைத்தாயே என்று தினமும் ஒருமுறை.

வாடகை வீடு. செங்கல் சுவர், இரும்புச் சட்ட ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி. ஹாலில் வடக்கு பார்த்து ஐந்து சதுர மீட்டர் இருக்கும் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு. டி.வி. கண்கூசுகிறதே என்று அதைப் பகலில் திரை போட்டு மூடியே வைத்திருக்கிறோம். 2 கிலோவாட் ஆயில் ஹீட்டர் இரவில் ஐந்து மணி நேரம் ஓடுகிறது, ப்ரீபெய்ட் கரன்ட் மீட்டரில் போட்ட காசு கரைகிறது. வெளிச்சமே புகாத தடித்த திரை வாங்கினால் குளிர் நிற்கும் என்று கடைக்காரர் சொல்கிறார், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கலாமா? தேன்கூடு மாதிரி மடிப்பு பிளைண்ட் நல்லதா?

ராண்ட்பர்க்_ரவா:

கண்ணாடி முழுக்க கூலிங் ஃபிலிம் ஒட்டுங்கள் ப்ரோ. நான் ஒட்டினேன். வெயிலும் தடுக்கும், திரையும் வேண்டாம்.

லெனேசியா அக்கா:

ஃபிலிம் ஒட்டச் சொன்ன தம்பி, தயவுசெய்து அவரைக் கெடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் மேற்கு ஜன்னலுக்கு ஒட்டியிருந்தால் சரி. இவருக்கு வேண்டியதே வெயில்தான்.

கோவைத்தம்பி, வீட்டு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். இங்கே பூமத்திய ரேகைக்குக் கீழே 26 டிகிரியில் இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் வடக்கே. ஜூன் நண்பகலில் சுமார் 40 டிகிரி உயரம்தான், நேராக உங்கள் கண்ணாடிக் கதவுக்குள் விழும். மேகமில்லாத நாளில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் அரை கிலோவாட் உள்ளே வரும். உங்கள் கதவின் அளவுக்குக் கணக்குப் போடுங்கள். நண்பகலில் உங்கள் ஹீட்டரை விடப் பெரிய ஹீட்டர் அது, அதைத் திரை போட்டு மூடிவைத்திருக்கிறீர்கள். தடித்த திரையின் முதுகு வெள்ளை வேறு, வந்த வெயிலில் பெரும்பகுதியை வெளியே திருப்பி அனுப்பிவிடும். டி.வி.யைச் சுவர் மாற்றி வையுங்கள்.

காலை 8 மணிக்குத் திற, மாலை 4:30க்கு மூடு. அவ்வளவுதான். வெயில் விழும் இடத்தில் கார்ப்பெட் இருந்தால் சுருட்டிவிடுங்கள். தரை சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

அப்புறம் ராத்திரி. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் காற்று குளிர்ந்து கீழே இறங்கும். அடி வழியாக அறைக்குள் வழியும். மேலே கம்பிக்குப் பின்னால் அறையின் சூடான காற்று புகுந்து அந்த இடத்தைப் பிடிக்கும். திரைப் பக்கம் போனால் கணுக்காலில் சில்லென்று படுகிறதல்லவா, அதுதான். துணி எவ்வளவு தடிப்பு என்பதை விட இந்த ஓட்டத்தை நிறுத்துவது முக்கியம். திரை தரையில் புரள வேண்டும். இரண்டு ஓரமும் சுவரைத் தொட வேண்டும். மேலே கம்பியை மூடும் பெல்மெட் பலகை அடிக்க வீட்டுக்காரர் விடாவிட்டால், பழைய வேட்டியைச் சுருட்டிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே திணியுங்கள். அழகாக இருக்காது. தேன்கூடு பிளைண்ட் நல்ல சாமான்தான், ஆனால் ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்வது. வாடகை வீட்டில் பணத்தைப் போடாதீர்கள்.

காலையில் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும். துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஜன்னலைத் திறங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை.

இன்னொன்று, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே சூடு மேலே போகாமல் தடுக்கும் கண்ணாடி நார்ப் பஞ்சு இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். 2011க்கு அப்புறம்தான் புது வீடுகளுக்கு அதெல்லாம் விதியாக வந்தது. பழைய வீட்டில் பெரும்பாலும் இருக்காது.

டர்பன் தாத்தா:

என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எங்கள் ஊரில் குளிர் பெரிதாக இல்லை, கோடைதான் எதிரி. என் தாத்தா வீடு மரமும் தகரமும். முன்னால் அகலமான வராண்டா, அதனால் கண்ணாடியில் வெயில் விழாது. உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம், வெளியிலேயே தடுக்க வேண்டும் என்பார். அம்மணி, அவர் வடக்கே திறந்து வைத்தால் டிசம்பரில் வெந்துபோக மாட்டாரா?

லெனேசியா அக்கா:

மாட்டார் தாத்தா. டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் 87 டிகிரி, கிட்டத்தட்ட உச்சந்தலை. கூரை 60 செ.மீ. நீண்டிருந்தாலே வடக்குக் கதவு முழுக்க நிழல். அதே கூரை ஜூனில் மேலிருந்து அரை மீட்டரைத்தான் மறைக்கும். மேற்கு ஜன்னல்தான் தொல்லை, சாயங்கால வெயில் தாழ்ந்து வரும், கூரை ஒன்றும் செய்யாது. அங்கே பந்தல் போட்டுத் திராட்சை ஏற்றலாம், குளிரில் இலை கொட்டி வெயிலை விட்டுவிடும்.

கோவைத்தம்பி:

அக்கா, நாலு நாள் செய்து பார்த்தேன். டி.வி. நகர்ந்தது. வேட்டி திணித்தாயிற்று, அப்பாவுடைய வேட்டி என்று அம்மாவுக்கு வருத்தம், வேறு துண்டு மாற்றினேன். எண்ணெய்ப் பாட்டிலை வெயில் விழும் தரையில் வைத்தேன், பதினொன்றரைக்கு உருகிவிட்டது. சமையலறைப் பாட்டில் இன்னும் கல்தான், அது தெற்கு. ஹீட்டர் ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. சீலிங் மேலே டார்ச் அடித்துப் பார்த்தேன், பஞ்சு இல்லை, பழைய செய்தித்தாளும் ஒரு புறா எலும்புக்கூடும். வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச்செடுப்பது? மாவு பொங்கியது. பொங்கித் தரையெல்லாம் வழிந்தது, குழந்தை அதில் தவழ்ந்துவிட்டது.