அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்க எங்கே ஆரம்பிக்கிறது?

வைகைக்கரை:
மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கலாம்னு இருக்கேன். யாரைப் பார்க்கணும்? எதுல தொடங்கலாம்?

கரும்பலகை:
தலைமை ஆசிரியரை நேர்ல பாருங்க. காலை வழிபாட்டு நேரத்துல போய் நிக்காதீங்க. எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை மாசம்னு எழுதின கடிதமும் ஆதார் நகலும் கையில இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பெற்றோர்ல ஒருத்தர்தான், அவர் காதுலயும் போட்டு வைங்க. சாயங்காலம் பிள்ளைகள் எப்படி வீடு போகும்னு முதல் கேள்வியே அங்கேருந்துதான் வரும்.

ஈர்க்குச்சி:
பாடப்புத்தகத்தைத் தொடாதீங்க. முதல் நாள் 52-லேருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்க. 35-னு எழுதுற பிள்ளை கவனக்குறைவா போடல. 2-லேருந்து 7 போகாதுன்னு 7-லேருந்து 2-ஐக் கழிச்சிருக்கு. 'கடன் வாங்கு'ன்னு மறுபடி சொன்னா ஏறாது. விளக்குமாத்து ஈர்க்கைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க: அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கணும். உதிரி 12 ஆகும், 7 எடுத்தா 5. மிச்சம் நாலு கட்டுல ரெண்டு போனா ரெண்டு. 25. அப்புறம்தான் நோட்டு.

தெப்பக்குளம்:
ஆறு பிள்ளைக்கு மேல சேர்க்காதீங்க, ஏழாவது பிள்ளை பார்த்து எழுத ஆரம்பிச்சிடும். கதவைத் திறந்து வச்சே நடத்துங்க. பிள்ளைங்க போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடவே கூடாது.

வைகைக்கரை:
ஈர்க்குக் கட்டியாச்சு. திங்கக்கிழமை கடிதத்தோட போறேன்.