இடித்த வீட்டின் ஓட்டுக்குக் கீழே ஆறு கோழிகள்

ராமமூர்த்தி நகர்:

பெங்களூரில் எங்கள் தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்தார்கள். மேஸ்திரி தருமபுரிக்காரர். தமிழில் பேசியதும், "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, இல்லையென்றால் லாரியில் போய்விடும்" என்றார். கோழிக்கூடு கட்ட எனக்குக் கிடைத்தவை: ஐம்பது மங்களூர் ஓடுகள், கான்கிரீட் போட முட்டுக் கொடுக்கும் செண்ட்ரிங் பலகைகள் பத்து, ஒரு கதவு, இரண்டு ஜன்னல்கள். இரவு எட்டு மணிவரை சுமந்தேன். மனைவி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள், சந்தோஷத்தில் அல்ல.

முதல் அடி கதவுக்கு விழுந்தது. மைத்துனர் பெயிண்டர். அந்தப் பச்சை வண்ணத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கோழிக்கு வைக்காதீர்கள்" என்றார். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம்; உரியும் செதிலைக் கோழி கொத்தினால் முட்டைவரை வந்துவிடும். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கதவோ எனக்கு மூத்தது. தேய்த்து எடுக்கலாமே என்றேன். அந்தத் தூசி உங்கள் பிள்ளைகளுக்கா என்று கேட்டார். கதவும் ஜன்னலும் வந்த வழியே திரும்பின.

அடுத்தது ஓடு. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். ஐம்பது என்றால் ஒரு குவிண்டாலைத் தாண்டுகிறது என்பது ஏற்றி முடித்தபின், கூட்டின் மரச்சட்டம் வயிறு தள்ளியபோதுதான் உறைத்தது. அதே மேஸ்திரியிடம் போய்ச் சாரத்துச் சவுக்குக் கம்புகள் நான்கு கேட்டு வாங்கி முட்டுக் கொடுத்தேன். சிரிக்காமல் கொடுத்தார், அது பெருந்தன்மை.

கோழிக்கு நான்கு சதுர அடி என்று கணக்குப் போட்டுக் கூடு ஆறடிக்கு நாலடி. கோழிகள் கிரிராஜா, நம் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான இனம். கனமான உடம்பு. அவை இரவில் உட்கார நாலடி உயரத்தில் கம்பு கட்டியிருந்தேன். குதித்துக் குதித்து ஒன்றுக்குப் பாதம் வீங்கிவிட்டது. இப்போது ஒன்றரை அடி உயரம்தான்.

மூன்றாவது வாரம், விடிகாலையில் கூட்டுக்குள் சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. சாக்கடைப் பக்கமிருந்து மண்ணைக் குடைந்து பெருச்சாளி வந்திருக்கிறது. சுற்றி அறுகோணக் கோழிவலை கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தேன். அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை வாங்கி நான்கு பக்கமும் கட்டினேன். அடியில் வெளிப்புறமாக ஓரடி தரையில் விரித்து, உடைந்த ஓடுகளைப் பாரம் வைத்தேன். குடைய வருவது சுவரோரம்தான் குடையும், வலையில் முட்டித் திரும்பிவிடும். ஓசியில் கட்டிய கூட்டுக்கு மொத்தச் செலவு 4,300 ரூபாய். அதில் 3,100 அந்த வலைக்கே. முதலிலேயே வாங்கியிருந்தால் அந்தப் பெட்டை இன்று முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

அல்சூர்:

எங்கள் பின்கட்டில் அவ்வளவு இடம் கிடையாது தம்பி, மூன்று கோழிகள்தான். காயலான் கடையில் வாங்கிய காய்கறி கிரேட்டுகளில் வைக்கோல் போட்டால் முட்டைப் பெட்டி தயார். 2018-இல் மாநகராட்சி ஃப்ளெக்ஸ் பேனர்களை அகற்றியபோது எங்கள் முனையில் இருந்த பிறந்தநாள் வாழ்த்து ஒன்று என் கைக்கு வந்தது. சாரல் அடிக்கக் கூடாதென்று நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினேன். தலைவர் கைகூப்பியபடி இரவெல்லாம் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்தே நாளில் உள்ளே தலையை நீட்ட முடியவில்லை. எச்சத்தின் காரநெடி கண்ணைக் கரித்தது, கோழிகளும் கண்ணை மூடியபடியே நின்றன. மழைக்குப் பயந்து காற்றை அடைத்துவிட்டேன் என்று புரிந்தது. கூரைக்குக் கீழே ஒரு சாண் அளவு சுற்றிலும் கிழித்துவிட்டு, உள்ளே வலை தைத்தேன். தலைவருக்கு இப்போது நெற்றி இல்லை. நெடியும் இல்லை.

பொம்மசந்திரா:

நான் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட மரப் பேலட்டுகளில், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளில் கட்டினேன். ஒரு விஷயம் மட்டும்: ஏற்றுமதிப் பேலட்டில் முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கேட்டில் நிற்கும் காவலாளி. ஆணி பிடுங்கத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ராமமூர்த்தி நகர்:

அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். என் ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் தானாகவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அளவு தப்பியதால் வந்தது. வலை மட்டும் அங்கே இல்லை. மிச்சத் துண்டு ஏழடி இருக்கிறது, சுற்றளவு இருபது அடி. நாளைக்கு மறுபடியும் கடைக்குப் போக வேண்டும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.