ஒன்பது ஆண்டு உறங்கிய மோரிஸ் மைனர்: பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

ஜெலுத்தோங் மைனர் எழுதியது:

வணக்கம். கார் அப்பாவுடையது. 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனர், 1098 சிசி. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது பழைய காராக வாங்கினார். அவர் காலமான பிறகு ஒன்பது ஆண்டுகள் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

சென்ற மாதம் புதிய பேட்டரி போட்டேன். தொட்டியில் ஏற்கெனவே இருந்த பெட்ரோலின் மேலேயே பத்து லிட்டர் ரோன் 95 ஊற்றிக் கிளப்பினேன். நான்காவது முயற்சியில் இருமிக்கொண்டே உயிர் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். ஆனால் தொட்டி மூடியைத் திறந்தால் சிக்கெண்ணெய் வாடை, வார்னிஷும் கலந்தது போல.

சரியாகப் பத்து நிமிடம் ஓடுகிறது. பிறகு திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மீண்டும் கிளம்புகிறது. சென்ற ஞாயிறு பாலிக் புலாவ் போகலாம் என்று துன் சார்டோன் சாலையில் ஏறினேன். ஒரு வளைவில் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனை மறக்க முடியாது.

ஒரு பட்டறையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் போய்விட்டது, மாற்ற 1,400 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? இன்னொன்று: இன்ஜினுக்குப் பின்புறச் சுவரில் உள்ள பம்பு டிக் டிக் என்று அடிக்கும். கார் நிற்பதற்கு முன் அந்த ஓசை மெல்ல மெல்ல அடங்கிவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் பம்பு சுடுகிறது.

செந்தூல் 1100 எழுதியது:

பெட்ரோல் தொட்டியின் மூடியைப் பாருங்கள். என்னுடைய மோரிஸ் 1100க்குப் பழைய சாமான் கடையில் பளபளப்பான மூடி ஒன்று வாங்கிப் போட்டேன். அதில் காற்றுத் துளை இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் இதே போல நின்றது. மூடியைத் திருகியதும் ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே கார் கிளம்பியது. அடுத்த முறை நிற்கும்போது முதலில் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். செலவு ஒன்றுமில்லை.

பட்டர்வொர்த் பழைய பட்டறை எழுதியது:

தம்பி, 1,400 ரிங்கிட்டைப் பையிலேயே வைத்திருங்கள். கார்புரேட்டர் ஒரு வாயில்லாப் பூச்சி. எந்தக் கார் நின்றாலும் பழியை அதன் தலையில்தான் போடுவார்கள். முப்பத்தெட்டு ஆண்டு பட்டறை வைத்திருந்தேன். கிடந்து எழுந்த கார்களில் பாதிக்கு மேல் நோய் பின்னால், தொட்டியில்தான் இருந்தது.

உங்கள் பம்பே விடையைச் சொல்லிவிட்டது. அது எஸ்.யூ. என்ற கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்பு. உள்ளே இருக்கும் மின்காந்தம் சவ்வை இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சும். சுருள்வில் அதை முன்னால் தள்ளும். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது சில முறை அடித்துவிட்டு அமைதியாக வேண்டும். நிற்காமல் படபடவென்று அடித்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, அல்லது தொட்டி காலி. உங்களுடையது அடங்குகிறது, சுடவும் செய்கிறது. அப்படியானால் இழுக்கப் பார்க்கிறது, எதுவும் வரவில்லை. அடைப்பு பம்புக்கும் தொட்டிக்கும் இடையில். செந்தூல் சகோதரி சொன்ன மூடியும் இதே கணக்கில்தான் வரும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பினாங்கின் ஈரக் காற்றில் பாதித் தொட்டிப் பெட்ரோலோடு ஒரு காரைக் கிடத்துவது பாவம். பகலில் சூடேறித் தொட்டிக்குள் இருக்கும் காற்று வெளியே போகும். இரவில் குளிர்ந்ததும் ஈரக் காற்று உள்ளே வரும். தொட்டியின் மேல்தகட்டில் நீர் முத்து முத்தாகக் கோத்து, வழிந்து, பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும்; நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஒன்பது ஆண்டு இது நடந்திருக்கிறது. துரு செதில் செதிலாக உரிந்து பெட்ரோலில் அலையும். பம்பு இழுக்க இழுக்க அந்தச் செதில்கள் உறிஞ்சு குழாயின் வாயில் அப்பிக்கொள்ளும். கார் நின்று இழுப்பு ஓய்ந்ததும் உதிர்ந்துவிடும். உங்கள் பத்து நிமிடமும் கால் மணி நேரமும் இதுதான். வார்னிஷ் வாடை வேறு கதை: பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறிவிட்டது.

நம்பவில்லை என்றால் பாட்டில் சோதனை செய்யுங்கள். திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் காயில் சூடாகும். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டுச் சாவியைப் போடுங்கள். நல்ல எஸ்.யூ. பம்பு ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் தரும். நன்றாக ஆரம்பித்து இளைத்துப் போனால் தொட்டியைக் கழற்ற வேண்டியதுதான். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து அடியைப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். சிகரெட், கம்பி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். காலித் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிட ஆபத்து, ஆவி நிறைந்திருக்கும். ஓட்டை இருந்தால் நீங்களே பற்றவைக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

சவர்க்கார வெந்நீரில் பலமுறை அலசிய பிறகு சமையல் வினிகரை நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறாரே, அதே வேலைதான். ஆனால் புளியையே போட்டுவிடாதீர்கள், ஒருவர் போட்டார், நார் எடுக்க எனக்கு ஒரு நாள் ஆனது. ஒட்டிய துரு உதிர நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். பத்துப் போட்டால் பத்தையும் எண்ணி எடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீர், நல்ல நீர், வெயில். காய்ந்த உடனே கொஞ்சம் பெட்ரோலில் இன்ஜின் எண்ணெய் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மாலைக்குள் மறுபடி செந்நிறம் பூத்துவிடும். உள்பூச்சு விற்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சரியாகப் பிடிக்காவிட்டால் தோல் போல உரிந்து அதுவே அடைத்துக்கொள்ளும்.

பம்புக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில் ஒரு வலைச் சல்லடை இருக்கும். கழுவுங்கள். ரப்பர் குழாய் வாங்கும்போது ஆர்9 என்ற பெட்ரோல் குழாய்த் தரக்குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டரை இவ்வளவுக்கும் பிறகு தொடலாம்: காற்று வடிகட்டியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். டக் என்று விழுந்தால் நல்லது. தேன் போல இறங்கினால் பிசின் பிடித்திருக்கிறது, துடையுங்கள்.

செந்தூல் 1100 எழுதியது:

பம்புக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வடிகட்டியும் போட்டுவிடலாமா, ஐயா?

பட்டர்வொர்த் பழைய பட்டறை எழுதியது:

தொட்டிப் பக்கம் போடலாம். கார்புரேட்டர் பக்கம் வேண்டாம். மைனரில் கார்புரேட்டருக்குக் கீழேயே புகைக் குழல் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஜெலுத்தோங் மைனர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூடியில் குற்றமில்லை. பாட்டில் சோதனையில் நாற்பது விநாடி நன்றாக வந்தது, பிறகு சொட்டுச் சொட்டாகியது. ஒரு மணி நேரத்தில் பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு நீர், அதற்கும் அடியில் மிளகாய்த் தூள் போலத் துரு.

தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது இரண்டு கிண்ணம் சேறு வந்தது. அதோடு மூன்று அங்குல நீளத்தில் கறுத்துப்போன பிரம்புத் துண்டு ஒன்றும் விழுந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டார். பெட்ரோல் அளவி வேலை செய்யாததால் அப்பா மெல்லிய பிரம்பை விட்டுத்தான் ஆழம் பார்ப்பாராம். கத்தியால் கீறிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. அந்தப் பிரம்பின் மீதி எங்கே போனது என்று எனக்கும் தம்பிக்கும் நன்றாகவே தெரியும். பரீட்சை முடிவு வரும் நாள்களில் அது கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்.

வினிகர் இரண்டு நாள் போதவில்லை, நான்கு நாள் ஆனது. நட்டு ஒன்பதுதான் வந்தது. பத்தாவதற்கு ஒரு மாலை முழுக்கத் தொட்டியை ஆட்டினேன். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற மனமில்லாமல், கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்தேன். நேற்று பாலிக் புலாவ் போய் லக்சா சாப்பிட்டுத் திரும்பினோம். ஏற்றத்தில் ஒரு முறைகூட நிற்கவில்லை. அளவி மட்டும் இன்னும் காலி என்றே காட்டுகிறது.

பட்டர்வொர்த் பழைய பட்டறை எழுதியது:

நல்லது. அளவியின் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் ஆடும் ஓசை கேட்டால் மிதவையில் ஓட்டை. அது மூழ்கிக் கிடப்பதால்தான் காலி என்கிறது. ஓசை இல்லையென்றால் கம்பியையும் தொட்டியின் எர்த்தையும் (தொட்டி காரின் உடலோடு சேரும் மின் இணைப்பையும்) பாருங்கள், கழற்றி மாட்டியதில் துருவின் மேல் மாட்டியிருப்பீர்கள். அதுவரை புதுப் பிரம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நுனி பிளந்திருந்தால் உள்ளே விடாதீர்கள்.