வடமேற்கு லண்டனில் அலாட்மென்ட் கிடைத்தது, முழுக்கப் புதர். எங்கே ஆரம்பிப்பது?

புதுமண்வெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்ததையே மறந்துவிட்டிருந்த நேரத்தில் போன மாதம் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது, ஹாரோ பக்கம் அலாட்மென்டில் (காய்கறி போட கவுன்சில் வாடகைக்குத் தரும் நிலம்) ஒரு அரைப் பிளாட், அதாவது பாதித் துண்டு நிலம், காலியாக இருக்கிறது, வேண்டுமா என்று. ஐந்து ராட், அதாவது 125 சதுர மீட்டர் சொச்சம், நம் ஊர்க் கணக்கில் மூன்று சென்ட். உடனே கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் புல், ஒரு மூலை முழுக்க பிளாக்பெர்ரி முள், கூரை போன ஒரு ஷெட். மண் களி. ஃபோர்க்கைக் குத்தி ஒரு கட்டியைப் புரட்டினேன், உள்ளே நூடுல்ஸ் கொட்டி வைத்த மாதிரி வெள்ளை வேர், இழுத்தால் பொட்டென்று அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது. பக்கத்து நிலத்துப் பெரியவர் எட்டிப் பார்த்து, "பைண்ட்வீட், வாழ்த்துகள்" என்று அந்தக் கொடிக் களையின் பெயரைச் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

முதல் வருடத்துக்குள் பெரும்பகுதி பயிரில் இருக்க வேண்டும், பார்வையிட வருவார்கள் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. எனக்கோ சனி ஞாயிறுதான் நேரம். ரோட்டவேட்டர் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாமா? குதிரை லாயத்தில் சாணம் இலவசமாகத் தருகிறார்களாம், வாங்கலாமா? அம்மா இப்போது இங்கேதான் இருக்கிறார், வெண்டை, அவரை, முருங்கை, கத்தரி, பச்சை மிளகாய், கீரை என்று பட்டியலே போட்டுவிட்டார், இதில் எது நடக்கும்? மார்ச் பிறந்துவிட்டது, எல்லோரும் எதையோ விதைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

கமக்காரன்_இல்ஃபோர்ட்:

தம்பி, முதலில் அந்த ரோட்டவேட்டர் யோசனையை விடுங்கோ. பைண்ட்வீட், கவுச் புல் இரண்டுமே வேர்த்துண்டிலிருந்து முளைக்கிறவை, விரல் நீளத் துண்டு கிடந்தாலே போதும். மெஷின் அதைத் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க நட்டுத் தரும். முதல் இரண்டு கிழமை பார்க்க அழகாகத்தான் இருக்கும், மே மாதம் வந்து பாருங்கோ. அதோடு ஈரக் களியில் ஓட்டினால் கத்தி போகிற ஆழத்துக்குக் கீழே மண் இறுகிப்போய்த் தண்ணீர் இறங்காது.

நிலத்தை மூன்றாகப் பிரியுங்கோ. ஒரு பங்கில் மட்டும்தான் இந்த வருஷம் ஒழுங்கான பயிர். மற்ற இரண்டு பங்கிலும் புல்லை அடியோடு வெட்டிப்போட்டு அட்டையால் மூடுங்கோ. சைக்கிள் கடையில் கேட்டால் ஆள் உயரப் பெட்டி சும்மா தருவார்கள், டேப்பையும் ஸ்டேப்பிளையும் கழற்றிவிட்டு ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாணாவது ஏறியிருக்கிற மாதிரி விரித்து, நன்றாக நனைத்து, மேலே கறுப்புப் பொலித்தீன் போட்டுக் கல் வைக்க வேண்டும். வெளிச்சம் ஓர் இடத்தில் புகுந்தாலும் அந்த இடத்தால் வந்துவிடும். பழைய கார்பெட் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீங்கோ, சாயமும் நைலான் நூலும் மண்ணில் கலக்கும் என்று பல கவுன்சில்கள் தடை செய்திருக்கின்றன.

பார்வையிட வருகிறவர்களுக்குப் பயப்படத் தேவையில்லை. ஜூன் ஆரம்பத்தில் அந்தப் பொலித்தீனில் அங்கங்கே ஓட்டை வெட்டி, குழி தோண்டிக் கொஞ்சம் கம்போஸ்ட் போட்டு, பூசணியும் கோர்ஜெட்டும் (வெள்ளரி மாதிரி இருக்கிற பூசணி வகை) நடுங்கோ. ஆகஸ்ட்டில் பொலித்தீனே தெரியாது, எல்லாம் இலைதான். மூடினதும் மூடினது, பயிர் செய்ததும் பயிர் செய்தது.

ஆனால் ஒரு வருஷத்தில் பைண்ட்வீட் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மூடியின் ஓரத்தைத் தேடி வெள்ளைத் தளிர் வரும், போகிற நேரமெல்லாம் ஓரத்தைச் சுற்றி வந்து இழுத்துவிடுங்கோ, இரண்டு மூன்று வருஷத்தில் களைத்துப்போகும். தோண்டி எடுக்கிற வேரைக் கம்போஸ்ட் குவியலில் அப்படியே போடக் கூடாது. மூடியுள்ள வாளியில் தண்ணீரில் ஊறப்போட்டு நன்றாக அழுகவிட்டுப் பிறகு போடலாம். மணம் தாங்காது, வாளியை ஷெட்டுக்குப் பின்னால் வையுங்கோ.

குரோய்டன்_கோவை:

அண்ணன் சொன்னது சரி. அட்டை மேல் கம்போஸ்ட் கொட்டி அன்றைக்கே நடலாம், மண்ணைத் தோண்டவே வேண்டாம் என்று அடுத்து யாராவது வந்து சொல்வார்கள், அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். தோண்டாத தோட்டத்துக்குப் பெயர் போன இங்கிலாந்துத் தோட்டக்காரர் சார்லஸ் டௌடிங் காட்டுகிற முறை நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மூன்றில் ஒரு பங்கு 40 சதுர மீட்டர், 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால் 4 கன மீட்டர், 50 லிட்டர் மூட்டையில் 80 மூட்டை. வாசல் கேட்டிலிருந்து தள்ளுவண்டியில் தள்ளிப் பாருங்கள், அப்புறம் தெரியும். முதல் வருடம் அந்த ஒரு பங்கை மட்டும் ஃபோர்க்கால் (மண்வெட்டியால் வேண்டாம், வேரை வெட்டிவிடும்) பொறுமையாகப் புரட்டி வேரைப் பொறுக்குங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் வழவழவென்று உருண்டையானால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போய்விடுங்கள். உதிர்ந்தால் தோண்டலாம். நிற்பதற்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள், ஈரக் களியை மிதித்தால் கோடை முழுக்க வெடிப்புதான்.

அதில் பாதிக்கு உருளைக்கிழங்கு போடுங்கள். நடும்போது ஒரு தடவை, மண் அணைக்கும்போது ஒரு தடவை, அறுவடையில் ஒரு தடவை என்று தானாகவே மண் புரண்டு வேர் வெளியே வரும். இப்போதே விதைக்கிழங்கு வாங்கி முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க வைத்து, வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் முளைக்க விடுங்கள், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் நடலாம். சீக்கிரம் விளைகிற ஃபர்ஸ்ட் எர்லி அல்லது சார்லட் மாதிரி செகண்ட் எர்லி வகை போதும். தாமதமாக விளைகிற மெயின்கிராப் ஆசை இந்த வருடம் வேண்டாம், ஏனென்றால் ஜூலைக்கு மேல் பிளைட் என்ற கருகல் நோய் வரும். இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் 6 மணி நேரமாவது காற்றில் 90 சதவீத ஈரப்பதம் இருந்தால் பிளைட் எச்சரிக்கை விடுவார்கள், லண்டன் கோடையில் இது அபூர்வமே இல்லை. எர்லி வகை அதற்குள் தட்டுக்கு வந்துவிடும்.

சாணத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் முக்கியம். இலவசம் என்று பாயாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற அமினோபைராலிட் என்ற மருந்து புல்லுக்குள் இருந்து, வைக்கோலாகி, குதிரை வயிற்றுக்குள் போய், சாணத்தில் அப்படியே வெளியே வரும். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் தக்காளி, பீன்ஸ், உருளை எல்லாம் இலை சுருண்டு நுனி முறுக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் தளத்தில் ஒரு வருடம் ஒரு லாரி சாணம் வந்தது, வாங்கிய அத்தனை பேர் தக்காளியும் போச்சு, கொடுத்தவர் தனக்குத் தெரியாது என்கிறார். சோதனை எளிது: நன்றாக மக்கிய சாணத்தில் கொஞ்சம் எடுத்துப் பாதிக்குப் பாதி கம்போஸ்ட் கலந்து சில தொட்டிகளில் பிராட் பீன்ஸ் ஊன்றுங்கள், பக்கத்திலேயே வெறும் கம்போஸ்ட்டில் சில. மூன்று நான்கு ஜோடி இலை வரும் வரை பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தாராளமாக அள்ளிக்கொண்டு வாருங்கள், களிமண்ணுக்கு அதைவிட நல்லது கிடையாது.

புதுமண்வெட்டி:

ரொம்ப நன்றி. மெஷினை விட்டாச்சு. சைக்கிள் கடையில் இன்றைக்கே கேட்டேன், பெட்டி தருகிறார்களாம். லாயத்தில் வைக்கோல் எங்கிருந்து வருகிறது, மருந்து அடித்ததா என்று விசாரிக்கிறேன். அம்மா பின்னால் நின்றுகொண்டு முருங்கையைக் கேட்டாயா என்கிறார். இன்னொன்று, சித்திரையில் அண்ணன் ஊரிலிருந்து வருகிறான், விதைகள் எடுத்துவரச் சொல்லட்டுமா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், முருங்கை இங்கே வெளியே நிற்காது, ஒரு உறைபனி இரவு போதும். கறிவேப்பிலை மாதிரி தொட்டியில் வீட்டுக்குள் வளர்த்து இலை பறிக்கலாம், காய் எல்லாம் கனவு. விதையை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வரக் கூடாது, தாவர நலச் சான்றிதழ் வேண்டும், தக்காளி மிளகாய் விதைக்கு நிச்சயமாகக் கேட்பார்கள். ஈஸ்ட் ஹாம், சவுத்தால், வெம்பிளி கடைகளிலேயே பாக்கெட் கிடைக்கிறது.

அவரையைப் பற்றி நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நம் ஊர்க் கொடி அவரையில் பெரும்பாலான வகைகள் பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். இங்கே ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல். கொடி என்னவோ பந்தலைத் தாண்டி ஓடும், பக்கத்து பிளாட்காரர் அதிசயமாகப் பார்ப்பார், பூ செப்டம்பர் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும், காய் பிடிப்பதற்குள் குளிர் வந்து கருக்கிவிடும். அதற்குப் பதில் ரன்னர் பீன்ஸ் போடுங்கள். எட்டடி மூங்கிலை இரண்டு வரிசையாக நட்டு மேலே சேர்த்துக் கட்டி, மே நடுவில் ஒரு கம்புக்கு இரண்டு விதை. பூக்கும் நேரத்தில் தண்ணீர் குறையக் கூடாது. கடையில் விற்கிற மாதிரி முழ நீளத்துக்கு விடாமல் விரல் கனத்திலேயே பறித்தால் நார் இருக்காது, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் அம்மா அவரையைக் கேட்கவே மாட்டார். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும், விட்டால் நின்றுவிடும்.

கத்தரியும் மிளகாயும் இன்றைக்கே வீட்டுக்குள் விதையுங்கள், ஏற்கெனவே கொஞ்சம் தாமதம். ரேடியேட்டர் பக்கம் வைத்து முளைத்ததும் ஜன்னலுக்கு மாற்றுங்கள். மிளகாய்ச் செடி ஜன்னலிலேயே தொட்டியில் காய்க்கும், கத்தரிக்கு கிரீன்ஹவுஸோ பாலிடனலோ (பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம்) இருந்தால்தான் திருப்தி. புடலை, பாகல், வெண்டைக்கும் அதே கதை. வெண்டையை வெளியே போட்டு நான்கு காய்க்காக ஒரு கோடையை வீணாக்காதீர்கள். பாலிடனல் போட எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், சில தளங்களில் கொடுக்க மாட்டார்கள்.

கீரைதான் உங்கள் வீட்டுக்கு ராஜா. தண்டுக்கீரை, சிவப்புக் கீரை எல்லாம் மே கடைசியில் மண் சூடேறியதும் தூவினால் ஐந்தாறு வாரத்தில் வெட்டலாம், ஆகஸ்ட் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே இருங்கள். பெங்காலிக் கடையில் லால் ஷாக் என்று கேட்டாலும் இதேதான். வெந்தயக்கீரை ஏப்ரலிலிருந்தே வரும். கொத்தமல்லியை ஜூனில் விதைத்தால் இலை பார்ப்பதற்குள் பூத்துவிடும், ஆகஸ்ட்டில் விதையுங்கள். வெள்ளை முள்ளங்கியும் அப்படியே, ஜூலைக்கு முன்னால் வேண்டாம். குளிர்காலத்துக்கு கேல் (முட்டைகோஸ் இனத்துக் கீரை) நட்டு வையுங்கள், பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு வறை செய்தால் பனியிலும் சோற்றுக்கு ஒரு கறி இருக்கும். ஆனால் வலை போடாமல் கேல் நடாதீர்கள், புறாவுக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சிக்கும் அதுதான் விருந்து.

ஸ்லக், அதாவது ஓடில்லாத நத்தை பற்றி யாரும் சொல்லவில்லையே? களிமண், புதர், அட்டை எல்லாம் சேர்ந்தால் ஸ்லக்குக்குச் சொந்த வீடு. அதைக் கொல்லப் போடுகிற பழைய நீல மெட்டால்டிஹைட் குருணை 2022 வசந்தத்திலிருந்து இங்கே தடை, அந்த ஷெட்டில் பழைய டப்பா கிடந்தால் தொடாமல் கவுன்சிலின் அபாயக் கழிவுக்கு அனுப்புங்கள். ஃபெரிக் பாஸ்பேட் குருணை போடலாம். கீரை நாற்றுக்கு இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் என் வழி.

தளப்பொறுப்பு_நார்த்தோல்ட்:

ஒரு தளத்தில் செயலாளராக இருப்பவன் என்ற முறையில் சுருக்கமாக. பார்வையிட வருகிறவர்கள் பார்ப்பது முயற்சி நடக்கிறதா என்பதைத்தான். சாவி வாங்கிய நாள் எடுத்த புகைப்படம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது எப்போதும் ஒரே இடத்தில்தான், ஜூலை ஆகஸ்ட்டில் ஊருக்குப் போய்விடுவார்கள், திரும்பி வந்தால் நோட்டீஸ் வந்திருக்கும். போவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் எழுதிப் போடுங்கள், தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லி வையுங்கள்.

பழச்செடி எதையும் இந்த வருடம் நடாதீர்கள். ராஸ்பெர்ரி வேரோடு பைண்ட்வீட் வேர் பின்னிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஒரு பங்கு நிலம் சுத்தமான பிறகு, அடுத்த நவம்பரில், தொட்டி மண் இல்லாமல் வேரோடு மட்டும் வருகிற கன்றாக வாங்கினால் மலிவு. ஆட்டம் பிளிஸ் (Autumn Bliss) என்ற ராஸ்பெர்ரி வகை நல்லது, பிப்ரவரியில் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டினால் முடிந்தது. ஆப்பிள் வேண்டுமென்றால் மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் எம்9 அல்லது எம்26 வேர்ச்செடியில் ஒட்டியதா என்று பார்த்து வாங்குங்கள், பெரிய மரத்துக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. மிஞ்சியதைக் கடைக்குக் கொடுத்துக் காசு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், 1922 சட்டப்படி இந்த நிலம் முழுக்கவோ பெரும்பாலுமோ குடும்பத்தின் சாப்பாட்டுக்கான காய்கறி, பழத்துக்குத்தான். கோழி வேண்டுமானால் 1950 சட்டத்தில் இடம் இருக்கிறது, சேவலுக்கு இல்லை.

புதுமண்வெட்டி:

அம்மா முருங்கையை விட்டுவிட்டார், கோழியைப் பிடித்துக்கொண்டார், அந்தக் கடைசி வரிக்கு நன்றி! ஒரே ஒரு சந்தேகம். சமையலறையில் சூப்பர்மார்க்கெட் உருளைக்கிழங்கு முளைவிட்டுக் கிடக்கிறது, அதையே நட்டால் ஆகாதா?

கமக்காரன்_இல்ஃபோர்ட்:

முளைக்கும், ஆனால் வேண்டாம். அது நோய்ச் சோதனை பார்த்த விதைக்கிழங்கு இல்லை, வைரஸ் இருந்தால் உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்துப் பெரியவருக்கும் போகும். சான்று பெற்ற விதைக்கிழங்கு இரண்டரைக் கிலோப் பை வாங்கினால் முப்பது கிழங்கு அளவில் இருக்கும், ஓரடிக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை இரண்டடி, அந்தப் பங்கில் பாதிக்குப் போடுவதென்றால் மூன்று நான்கு பை வேண்டும். ஏப்ரல் கடைசியில் இலை வெளியே வந்த பிறகு இரவு உறைபனி என்று சொன்னால், மண்ணை இழுத்து இலை தெரியாமல் மூடிவிடுங்கோ, தானாக மேலே வரும்.