கொழுக்கட்டையின் கொம்பு இடம் மாறுகிறது, மூன்றுசுழி ண அடைகிறது: கடைப்பலகைக்கு உதவி தேவை

தோட்டத்துப்பிள்ளை
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மா டவுனில் சின்னதாகப் பலகாரக் கடை போடுகிறார். பலகையை நான் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளில் செய்கிறேன். 8 அடிக்கு 3 அடி. எழுத்துரு பாலூ தம்பி 2, அதில் மிகத் தடித்த எக்ஸ்ட்ரா போல்ட். முனையெல்லாம் உருண்டு, அம்மா பிடிக்கிற கொழுக்கட்டை மாதிரியே இருப்பதால் வேறு எழுத்துக்கு மனம் வரவில்லை.

இரண்டு சிக்கல். "கொழுக்கட்டை" என்று ஒட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, ழு பிரிந்து விடுகிறது. அடுத்து, "வெண்பொங்கல்" கீழ்வரிசையில் 2 அங்குல உயரம்தான். ஸ்டிக்கர் கடையில் மாதிரி வெட்டிப் பார்த்தோம். மூன்றுசுழி ண இரண்டுசுழி போல் தெரிகிறது. தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று எழுத்தைச் சுற்றி 3 பாயிண்ட் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) வேறு கொடுத்திருக்கிறேன். அண்ணன்மார், அக்காமார் உதவுங்கள்.

ஈப்போ அச்சுக்காரன்
தம்பி, கொம்பு ஓடுவது எழுத்துருவின் குற்றமில்லை. பிரிஃபரன்சஸ், டைப் போய் "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" டிக் செய்யுங்கள். பிறகு பாராகிராஃப் பேனல் மெனுவில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சௌத் ஏஷியன்" கம்போசரை (எழுத்துகளைக் கோத்து அமைக்கும் வசதி) தேர்ந்தெடுங்கள். கொ, ழு, டை எல்லாம் ஒழுங்காகச் சேரும். ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பும் முன், எழுத்தை வெறும் வடிவமாக மாற்றும் கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுக்க மறக்காதீர்கள். அவர்கள் கணினியில் இந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறெதுவோ வந்து உட்காரும்.

ஸ்டிக்கர் அக்கா
ஸ்ட்ரோக்கை முதலில் எடுங்க தம்பி. அதுதான் சுழியை அடைக்குது. கோடு வெளியே மட்டும் பருக்காது, பாதி உள்ளேயும் போகும். 3 பாயிண்ட் கொடுத்தா சுழிக்குள்ள இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை குறையும். புள்ளியும் எழுத்தோட ஒட்டிக்கும். புள்ளி போனா சொல்லே போச்சு.

பழைய பாலூவில் ஒரே தடிமன்தான். பாலூ 2-இல் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்ட் வரை ஐந்து இருக்கு. கடைப்பெயருக்கு எக்ஸ்ட்ரா போல்ட் வைங்க, பலகாரப் பட்டியலுக்கு செமி போல்ட் போதும். அந்த 2 அங்குலத்தை 3 ஆக்க முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா நாலு பலகாரத்தைக் குறைங்க. நிஜ அளவில் ஒரு சொல்லைத் தாளில் அச்சடிச்சு, சுவரில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்னு அம்மாவைப் படிக்கச் சொல்லுங்க.

உருண்டை முனையை விடாதீங்க. கூர்முனை இருந்தா ஸ்டிக்கர் வெயிலில் அங்கேதான் முதலில் கிளம்பும்.

ஈப்போ அச்சுக்காரன்
ஒன்று விட்டுப்போச்சு. மலாய் வரி எங்கே? நகராண்மைக் கழகம் மலாய் முதலில், தமிழைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கும். பலகையின் வாசகத்துக்கு மலாய் மொழியைக் கவனிக்கும் அரசு அமைப்பான டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் ஒப்புதலும் கேட்பார்கள். பாலூ தம்பியிலேயே ரோமன் எழுத்தும் உண்டு, அதனால் இரண்டும் ஒரே கையெழுத்துப் போல அமையும். மும்பையின் ஏக் டைப் குழு அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. உரிமம் இலவசம், கடைக்கும் போடலாம்.

தோட்டத்துப்பிள்ளை
கம்போசரை மாற்றியதும் கொழுக்கட்டை சேர்ந்துவிட்டது! ஸ்ட்ரோக்கை எடுத்து, செமி போல்டில் 3 அங்குலமாக்கி ஒட்டினேன். கண்ணாடி போடாமலே அம்மா "வெண்பொங்கல்" படித்தார். முறுக்குக்கு இடமில்லாமல் போனதில்தான் அவருக்கு வருத்தம். மலாய் வரியை மேலே ஏற்றி, நாளை ஒப்புதலுக்கு அனுப்புகிறேன். அக்கா, அண்ணா, நன்றி.