ஈயமில்லா சோல்டரின் கசடு அட்டவணைக் கழிவில் சேருமா?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். மின்னணுச் சுற்றுப்பலகைகளில் பாகங்களைப் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் பொறுப்பாளராக இருக்கிறேன். இந்தப் பொறுப்பை ஏற்று எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. அண்மையில் எங்கள் வேவ் சோல்டர் இயந்திரத்தை (உருகிய சோல்டர் என்ற உலோகக் கலவையின் அலையில் பாகங்களைப் பலகையோடு பற்றவைப்பது) ஈயம் கலந்த சோல்டரிலிருந்து ஈயமில்லா சோல்டருக்கு மாற்றினோம். அதுவரை தொட்டியின் மேல் திரளும் கசட்டை அட்டவணைக் கழிவாக (சட்டத்தின்படி தனியாகக் கையாள வேண்டிய அபாயகரமான கழிவு), எஸ்டபிள்யூ 104 என்ற குறியீட்டில் பதிந்து, உரிமம் பெற்ற மீட்பு ஆலைக்கு அனுப்பி வந்தோம். இப்போது எங்கள் மேலாளர், "ஈயமே இல்லாதபோது இது எப்படி அட்டவணைக் கழிவாகும்?" என்று கேட்கிறார். கசட்டில் வெள்ளி இருப்பதால் பழைய உலோகம் வாங்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருப்பதும் அவர் கேள்விக்கு ஒரு காரணம்.

பலகைகளைக் கழுவ முன்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தினோம். அதற்குப் பதிலாக நீர் சார்ந்த காரக் கரைசல் வந்துள்ளது. "நீர்தானே, சாக்கடையில் விடலாம்" என்ற பேச்சும் எழுகிறது. பழுதான பலகைகளைத் திருப்பி அனுப்பும்படி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரும் கேட்டிருக்கிறார். 2024-இல் அபராதங்கள் உயர்ந்த பிறகு எதையும் ஊகத்தின் பேரில் முடிவு செய்ய எனக்கு மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில் (பிறை)

தம்பி, உங்கள் மேலாளரின் கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், அது தொடங்கும் இடமே தவறு. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின் முதல் அட்டவணையில் எஸ்டபிள்யூ 104 எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவரையே ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். தூசி, கசடு, சாம்பல் ஆகியவற்றில் எந்தெந்த உலோகங்கள் இருந்தால் அவை அந்தக் குறியீட்டில் அடங்கும் என்ற நீண்ட பட்டியல் அங்கே இருக்கிறது. ஈயம் அதில் ஒன்று மட்டுமே. ஆர்செனிக், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆண்டிமனி ஆகியவற்றோடு செம்பும் அதே வரியில் நிற்கிறது. பரவலாகப் பயன்படும் எஸ்ஏசி 305 வகை ஈயமில்லா சோல்டரில் வெள்ளீயம் 96.5 விழுக்காடு, வெள்ளி 3 விழுக்காடு, செம்பு 0.5 விழுக்காடு. அது போதாதென்று, பலகைகளின் செம்புத் தடங்களிலிருந்தும் செம்பு கரைந்து நாளுக்கு நாள் தொட்டியில் கூடும். ஆகவே ஈயம் போனாலும் குறியீடு போகவில்லை.

"அரை விழுக்காடுதானே" என்று அடுத்துக் கேட்பார்கள். அந்த வரியில் இவ்வளவுக்குமேல் இருந்தால் என்ற அளவு எதுவும் சொல்லப்படவில்லை. அட்டவணைதான் வகையைத் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தின் குறைந்த எண்ணோ வாங்குபவர் தரும் விலையோ அதை மாற்றாது. விலை கிடைக்கும் கழிவும் கழிவுதான். உரிமம் பெற்ற மீட்பு ஆலைகளும் வெள்ளிக்கு விலை கொடுப்பதுண்டு. அவர்களிடமே பேரம் பேசுங்கள்.

பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் 2019 மார்ச்சில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுக்கு ஆளானதும், பள்ளிகள் மூடப்பட்டதும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். உரிமம் இல்லாத கையில் ஒரு பீப்பாய் போய்விட்டால் அது எங்கே கொட்டப்படும் என்பது அனுப்பியவருக்கே தெரியாது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டதை மேலாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆற்றங்கரைப் பிள்ளைகளைப் பற்றி அதற்கு முன்பே சொல்லுங்கள்.

இரண்டாம் பதில் (கோலாலம்பூர்)

மேலே ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் கவலை அந்தக் கழுவு கரைசலைப் பற்றியது. உங்கள் மூன்று கேள்விகளில் உண்மையிலேயே புதிய கழிவு அதுதான். பயன்படுத்தி முடித்த காரக் கரைசலின் பிஎச் 11.5 அல்லது அதற்கு மேல் இருந்து, அரிக்கும் தன்மையோ தீங்கு செய்யும் தன்மையோ கொண்டிருந்தால் அது எஸ்டபிள்யூ 402. கன உலோகங்கள் கரைந்திருந்தால் எஸ்டபிள்யூ 401-ஐப் பார்க்க வேண்டும். புதிய கரைசலின் பாதுகாப்புத் தரவுத் தாளை மட்டும் நம்பாதீர்கள்; அது புட்டியில் இருந்ததைச் சொல்லுமே தவிர, நூற்றுக்கணக்கான பலகைகளைக் கழுவிய பின் தொட்டியில் இருப்பதைச் சொல்லாது. தொட்டியிலிருந்தே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போக வேண்டாம்.

அது அட்டவணைக் கழிவு என்று உறுதியானால், கழிவு உருவான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு வகையையும் அளவையும் அறிவிக்க வேண்டும். துறையின் இணையப் பதிவு முறையான இ-ஸ்விஸ் வழியாகச் செய்யலாம். கொள்கலன் மீது கழிவு முதலில் உருவான தேதியும், உங்கள் தொழிற்சாலையின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் தெளிவாக இருக்கட்டும். 180 நாட்களுக்கு மேல் சேமிக்கக் கூடாது. வளாகத்தில் உள்ள மொத்த அளவும் 20 டன்னைத் தாண்டக் கூடாது. பலர் 180 நாட்களை நினைவில் வைத்துக்கொண்டு 20 டன்னை மறந்துவிடுகிறார்கள். கழிவு தொட்ட துடைப்புத் துணிகள் எஸ்டபிள்யூ 410, காலி இரசாயனப் புட்டிகள் எஸ்டபிள்யூ 409; அவை முன்போலவே தொடரும்.

உங்கள் கழிவு உண்மையிலேயே தீங்கற்றது என்று நிரூபிக்க முடியுமானால், 7-ஆம் விதியின்கீழ் சிறப்பு மேலாண்மைக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அந்த முடிவைச் சுற்றுச்சூழல் துறையின் தலைமை இயக்குநர்தான் எடுக்க வேண்டும். நம் மேலாளர்கள் எடுக்க முடியாது.

பழுதான பலகைகளைப் பொறுத்தவரை, அவை எதற்காகப் போகின்றன என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உலோகத்தைப் பிரித்தெடுக்க அல்லது அப்புறப்படுத்த என்றால் அவை மின்கழிவு. அபாயகரமான கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; தீங்கற்ற மின்கழிவுக்கும்கூட நாடுகளின் முன் இசைவு வேண்டும். "இதில் பாதரசம் இல்லை, ஈயம் இல்லை" என்று சொல்லி அனுப்பிய காலம் முடிந்துவிட்டது. உள்நாட்டில் மின்கழிவுக்கான குறியீடான எஸ்டபிள்யூ 110-க்கு உரிமம் பெற்ற ஆலைக்கு அனுப்புவதே உங்களுக்கு எளிது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மேலாளரோடு அட்டவணையைத் திறந்து வைத்துப் படித்தேன். செம்பு என்ற சொல்லைக் கண்டதும் அவர் உலோக வியாபாரியை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கழுவு கரைசலின் முதல் பீப்பாயில் தேதியே எழுதப்படவில்லை. இயந்திரப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில், பயன்படுத்தி முடித்த காரக் கரைசலை முதன்முறையாக வடித்த நாளிலிருந்து 19 நாட்கள் கடந்துவிட்டன. மாதிரி இன்று பிற்பகல் ஆய்வகத்துக்குப் போயிற்று. மீதமுள்ள 11 நாட்களுக்குள் அறிவிப்பை அனுப்பிவிடுவேன். சாக்கடைக்குப் போகும் குழாயை எங்கள் பராமரிப்புப் பிரிவு அண்ணன் இப்போதே மூடிப் பூட்டு போட்டுவிட்டார்.