1969 வோக்ஸ்வாகன் 1300: சைலன்சர் மாற்றிய பிறகு மலையில் மூச்சடைக்கிறது, எதைப் போடுவது?

அட்டன்வாசி:
வணக்கம். அப்பா ஓட்டிய 1969 வோக்ஸ்வாகன், 1300 எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டர். வீட்டில் எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவோம். போன மாதம் பழைய சைலன்சர் அடிப்பக்கம் உக்கிப் பிளந்துவிட்டது. "நாலு பைப்பும் ஒன்றாகச் சேருகிற எக்ஸ்ட்ராக்டர் போடுவோம், வண்டி பறக்கும்" என்றார் கராஜ் பாஸ். காருக்குள் சூட்டுக் காற்று தருகிற இரண்டு ஹீட்டர் பொக்ஸும் துருப்பிடித்துக் கிடந்ததால் அவற்றையும் கழற்றிவிட்டு வளைந்த வெறும் குழாய்களைப் போட்டார்.

டவுனுக்குள் ஓடும்போது சத்தம் கூடியதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. போன ஞாயிறு விடிய ஐந்தரைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். நல்ல பனிமூட்டம். தலவாக்கலை தாண்டிய ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே இல்லை, பிறகு குலுங்கி இழுக்கிறது. நானுஓயாவில் அணைந்தே போனது. பத்து நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. இறக்கத்தில் காலை எடுத்தால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது.

பொயின்ட், பிளக், பெற்றோல் பம்ப் எல்லாம் பார்த்தாயிற்று. கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினார்கள். எக்ஸ்ட்ராக்டரை வைத்துக்கொள்ளலாமா, வேறு சைலன்சர் வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொக்குவில் 1600:
தம்பி, நான் ஆறு வருடமாக யாழ்ப்பாணத்தில் இதே மாதிரி எக்ஸ்ட்ராக்டர் போட்டு ஓடுகிறேன். ஒரு தொல்லையும் இல்லை. புகை சுலபமாக வெளியேறினால் கலவையில் பெற்றோல் போதாமல் போகும். மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற துளையை, ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

பழைய ஸ்பனர்:
ஜெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு விடயம். அணைந்துபோனதும் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? கார்புரேட்டருக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் பிரிந்து எஞ்சினுக்குக் கலவை கொண்டுபோகிற மேனிபோல்ட் குழாய் எப்படி இருந்தது?

அட்டன்வாசி:
திறந்தேன் அண்ணா. நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது. அந்தக் குழாய் முழுக்க நனைந்திருந்தது, சோடாப் போத்தலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி. பெற்றோல் கசிவு என்று நினைத்து விரலால் தொட்டேன். வெறும் தண்ணீர். விரல் விறைக்கிற குளிர். பக்கத்தில் எஞ்சின் தகட்டில் கை வைக்க முடியவில்லை.

பழைய ஸ்பனர்:
அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. உங்கள் கார்புரேட்டர் பழுதில்லை, அதற்குக் கீழே உறைகிறது.

பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சும். வெளியே பத்துப் பதினைந்து பாகை இருந்தாலும் போதும், காற்றில் ஈரம் நிறைய இருந்தால் குழாய்க்குள் பனி படியும். படிந்தால் வழி குறுகும், கலவை குழம்பும், ஐட்லிங் நிற்காது. நிறுத்தி வைத்தால் எஞ்சின் சூடு மேலே ஏறி அதை உருக்கிவிடும். அதனால்தான் பத்து நிமிடத்தில் நல்லபடியாகிறது.

இதற்கு வோக்ஸ்வாகன்காரர்கள் அந்தக் காலத்திலேயே வழி செய்து வைத்திருக்கிறார்கள். மேனிபோல்ட்டோடு ஒட்டி ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறதே, அதற்குள் பெற்றோல் போகாது. சைலன்சரின் ஒரு பக்கத்திலிருந்து சூடான புகை அதில் ஏறி, கார்புரேட்டருக்கு அடியில் சூடு கொடுத்து, மறுபக்கத்தால் சைலன்சருக்கே திரும்பும். உங்கள் எக்ஸ்ட்ராக்டரில் அந்தக் குழாய்க்கு இணைப்பு இருக்கிறதா? என் ஊகம், பாஸ் அதன் இரண்டு முனையையும் தகடு வைத்து மூடியிருப்பார்.

அட்டன்வாசி:
இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் சின்னத் தகடு வைத்து இறுக்கியிருக்கிறார். இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடப்பக்கம் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மூடியில், பைப் சேருகிற இடத்தில் கேஸ்கட்டை ஒட்டி மை பூசியது போல ஒரு கறுப்புக் கோடு.

பழைய ஸ்பனர்:
அந்தக் கோடுதான் இறக்கத்து வெடி. அங்கே கசிவு இருக்கிறது. காலை எடுக்கும்போது அந்த இடுக்கால் வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெற்றோலோடு சேர்ந்து குழாய்க்குள் பற்றுகிறது. கேஸ்கட் மாற்ற வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஹீட்டர் பொக்ஸைக் கழற்றினார்களே, ஃபேன் கவசத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் அவற்றுக்குக் காற்று கொண்டுபோன தடித்த ஹோஸ்கள் எங்கே? அந்த இரண்டு வாயும் திறந்து கிடக்கிறதா?

அட்டன்வாசி:
ஆமாம், ஹோஸ் இல்லை. வாய் இரண்டும் திறந்தபடி.

பழைய ஸ்பனர்:
தம்பி, அதை மூடும்வரை ஏற்றத்தில் ஓட்டாதீர்கள். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ஃபேன் தள்ளுகிற காற்றுதான் உயிர். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த இரண்டு வாயாலும் வீணாகிறது. ஹோஸ் இறங்கிய தகட்டு ஓட்டைகளும் திறந்திருந்தால், கீழே தள்ளிய சூட்டுக் காற்றை ஃபேன் மறுபடி மேலே இழுக்கும். 1969 எஞ்சினில் ஒயில் கூலர் ஃபேன் கவசத்துக்குள்ளேயே நிற்கிறது. மூன்றாம் சிலிண்டருக்கு வருவது ஏற்கெனவே அதில் சூடேறிய காற்று. முதலில் அடிபடுவதும் அதன் வால்வுதான்.

ஸ்டுட்கார்ட் சிவப்பு:
ஸ்பனர் அண்ணா சொல்வது அத்தனையும் சரி. ஹீட்டர் பொக்ஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. திரும்பப் போடுவதென்றால் துருப்பிடித்த பழையதைப் போட வேண்டாம். முன் சிலிண்டர் இரண்டின் புகையும் அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற குழாய் வழியாகத்தான் சைலன்சருக்கு வருகிறது. குழாய் ஓட்டையானால் புகை நேராகக் காருக்குள் வரும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. இங்கே ஜெர்மனியில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தலையிடியோடு ஓட்டினேன், குளிர் என்றே நினைத்தேன். பெட்டியைக் கழற்றித் தட்டியபோது துரு உமி மாதிரிக் கொட்டியது. கூட ஏறுவது உங்கள் அம்மா. தயவுசெய்து புதிது வாங்குங்கள்.

கொக்குவில் 1600:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் வெக்கைக்கு மேனிபோல்ட் உறைய வழியே இல்லை. என் எக்ஸ்ட்ராக்டர் நன்றாக ஓடுவதற்கு ஊரும் ஒரு காரணம். கவச வாயை மட்டும் நான் முதல் நாளே மூடிவிட்டேன்.

அட்டன்வாசி:
சரி, இப்போது எதை வாங்குவது? அதே கடையில் இன்னும் தடித்த 1½ அங்குலக் குழாய் எக்ஸ்ட்ராக்டர் ஒன்றும் இருக்கிறது, அதற்கு மேனிபோல்ட் சூட்டு இணைப்பு உண்டு என்கிறார்கள்.

பழைய ஸ்பனர்:
வேண்டாம். 1285 சிசி, 40 குதிரைவலு எஞ்சினுக்கு அந்தக் குழாய் பெரிது. புகையின் ஓட்டம் மந்தமாகி, ஏற்றத்தில் உங்களுக்குத் தேவையான இழுவைதான், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, குறையும். எக்ஸ்ட்ராக்டர்தான் வேண்டும் என்றால் 1⅜ அங்குலம், சூட்டு இணைப்போடு. ஆனால் அட்டனில் இருந்துகொண்டு நுவரெலியாவுக்கு ஏறி இறங்குகிறவருக்கு நான் சொல்வது, பழைய மாதிரியே இரட்டை வால் குழாய் சைலன்சர், புது ஹீட்டர் பொக்ஸ் இரண்டு. அந்தக் கார் அதோடுதான் பிறந்தது.

வாங்கும்போது சூட்டு இணைப்பின் விளிம்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில மலிவான நகல் சைலன்சர்களில் விளிம்பு இருக்கும், உள்ளே துளை இருக்காது. மேனிபோல்ட்டின் மெல்லிய குழாயும் ஐம்பது வருடக் கரியால் அடைத்திருக்கலாம். பழைய கிளட்ச் கேபிளின் நுனியைப் பிரித்து, ட்ரில்லில் மாட்டிக் குடைந்தால் வரும். பொறுமை வேண்டும்.

ஹெட்டில் பைப்பைப் பிடித்திருக்கிற 8 மி.மீ. திருகுத் தண்டுகளான ஸ்டட்டுகளில் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். நட் திரும்ப மறுத்தால் சூடு காட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக. ஹெட் அலுமினியம், ஸ்டட் முறிந்தால் எஞ்சினை இறக்க வேண்டிவரும். பூட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடி, ஆறவிட்டு ஒரு தடவை இறுக்குங்கள்.

அட்டன்வாசி (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. பழைய மாதிரிச் சைலன்சரும் புது ஹீட்டர் பொக்ஸும் போட்டாயிற்று, ஹோஸ் இரண்டும் திரும்ப வந்தாயிற்று. மெல்லிய குழாய் இரண்டு பக்கமும் அடைத்திருந்தது, கேபிளால் குடைய ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஒரு ஸ்டட் மட்டும் பயம் காட்டியது, முறியவில்லை.

நேற்று அதே ஐந்தரைக்கு, அதே பனிமூட்டத்தில் புறப்பட்டோம். நானுஓயாவில் வேண்டுமென்றே நிறுத்தி மூடியைத் திறந்தேன். எஞ்சின் ஐட்லிங்கில் சீராக நின்றது. மேனிபோல்ட் காய்ந்திருந்தது. அடியில் தொட்டேன், விரலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. இறக்கத்தில் ஒரு வெடிகூட இல்லை. அம்மா பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

கழற்றிய எக்ஸ்ட்ராக்டர் வீட்டில் இருக்கிறது. கொக்குவில் அண்ணா, உங்கள் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்.